பிள்ளைகள் குரலில் குடியாத்தத்துக் கதைகள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

குடியாத்தத்தில் எங்கள் அரசுப் பள்ளியின் 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்களின் கதைகளை இரண்டு மூன்று நிமிடப் படங்களாகச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். தன் குரலில் பதிவுசெய்த கதையோடு போட்டோக்களை அடுக்கிச் செய்யும் இதை டிஜிட்டல் கதைசொல்லல் என்கிறார்கள். 1990-களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டானா அட்ச்லி போன்றோர் பயிலரங்குகள் நடத்தி வளர்த்த முறை. எழுதுவதும் பேசுவதும் அந்தந்தப் பிள்ளையேதான்.

செல்போனைக் கொடுத்தால் படிப்பு கெட்டுவிடும் என்று சில பெற்றோர் தயங்கினார்கள். நியாயமான கவலைதான். ஆனால் இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் நோட்டும் பேனாவும்தான். முதலில் வட்டமாக உட்கார்ந்து கதையைச் சொல்ல வேண்டும். "அப்போ தாத்தாவுக்கு என்ன வயசு?", "கடனை யாரு கட்டினாங்க?" என்று மற்றவர்கள் கேட்கும்போது விட்டுப்போனது தெரியும். வீட்டில் விசாரித்து வந்து, திருத்தி, ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும். அதன் பிறகே குரல் பதிவு. படங்களை அடுக்குவது கடைசியில். பாடம் வாசிக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகள், ஆயா பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றிய கதையைத் தங்குதடையில்லாமல் சொல்கிறார்கள். இதற்காகவே தொடர்ந்து நடத்துவதென்று முடிவெடுத்தோம்.

தடையாக இருப்பது கருவிகள் இல்லாததுதான். ஒரு மாணவி, தாத்தா குழித்தறியில் கைலி நெய்வதைப் பதிவுசெய்து வந்தாள். தறியில் நூலைக் கொண்டு ஓடும் நாடாவின் சத்தம் கணீரென்று கேட்கிறது. தாத்தா பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. சட்டையில் மாட்டும் மைக் ஒன்று இருந்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும்.

பழைய போட்டோக்களும் அப்படித்தான். 2021 நவம்பரில் கௌண்டன்ய ஆற்று வெள்ளம் புகுந்த வீடுகள் இங்கே உண்டு. மிஞ்சியிருக்கும் ஒரே கல்யாண போட்டோவைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப யாருக்கும் மனம் வராது, கேட்பதும் முறையில்லை. சிறிய ஸ்கேனரை நாமே வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.

பயன்படுத்திய லேப்டாப் 4 (ரூ.80,000), மைக் 4 (ரூ.8,000), ஹெட்போன் 4 (ரூ.4,000), ஸ்கேனர் 1 (ரூ.8,000), ஹார்ட் டிஸ்க் 2 (ரூ.10,000) என மொத்தம் ரூ.1,10,000 தேவைப்படுகிறது. மென்பொருளுக்குச் செலவில்லை, குரல் பதிவுக்கான ஆடாசிட்டி, படங்களை அடுக்குவதற்கான ஓப்பன்ஷாட் இரண்டும் இலவசம். நல்ல நிலையில் உள்ள பழைய லேப்டாப்பாகவும் தரலாம்.

முடிந்த படங்களைப் பெற்றோர் கூட்டத்தில் திரையிடுவோம். குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எதையும் இணையத்தில் ஏற்றமாட்டோம். வரவு செலவுக் கணக்கு குழுக் கூட்டத்தில் வாசிக்கப்படும்.

நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் காசோலையாகவோ, அலுவலகத்தில் நேரிலோ கொடுக்கலாம். வைகாசி முதல் நாள் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் முன்னாள் மாணவர்கள் அவசியம் பள்ளிக்கு வாருங்கள். கோடை விடுமுறையிலும் அலுவலகம் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினர், முன்னாள் மாணவர்கள்
குடியாத்தம், வேலூர் மாவட்டம்