எதிராளிக்கு மூல உடை: சண்டை கேம் வடிவமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கேரக்டர் வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்ற அப்டேட்டோடு உங்கள் மெலிந்த வேகக்காரிக்காகக் கடைக்கு வந்த பனிக்காலக் கவச ஸ்கின்னைப் (கேரக்டருக்குக் காசு கொடுத்து வாங்கி மாட்டும் மாற்று உடையைப்) பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடி தொடங்கும் அசைவையே அது மறைத்துவிடுகிறது என்று புகார்கள் குவிந்தது உங்களுக்குத் தெரியும். ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று நீங்கள் ஒற்றை வரியில் முடித்துக்கொண்டது எங்களுக்குத் தெரியும். அடுத்த பேட்ச்சிலேயே அதே கவசம் தங்க நிறத்திலும் விற்பனைக்கு வந்தது. உங்கள் கவனம் எங்கே இருந்தது என்பதும் அப்போது தெரிந்துவிட்டது.

கேட்பது ஒன்றே ஒன்று. எதிராளி எந்த ஸ்கின் போட்டு வந்தாலும், என் திரையில் அந்தக் கேரக்டரின் மூல உடை மட்டும் தெரியும்படி செட்டிங்ஸில் ஒரு தேர்வு வையுங்கள். ஸ்கின்களை நீக்கச் சொல்லவில்லை, விலையைக் குறைக்கக்கூடச் சொல்லவில்லை.

இது வெறும் ரசனைப் புலம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். பிரேம் கணக்கிலேயே, அதாவது திரையில் அடுத்தடுத்து மாறும் படங்களின் கணக்கிலேயே பேசுவோம். அந்த மெலிந்த வேகக்காரியின் ஓவர்ஹெட் அடி (நின்றால்தான் தடுக்க முடிகிற மேலடி) விழ 22 பிரேம் ஆகிறது. நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் அது ஏறக்குறைய 367 மில்லிநொடி. கண்ணில் பட்டதற்குக் கை பதில் சொல்ல, நன்றாகப் பழகியவருக்கே 200 முதல் 250 மில்லிநொடி தேவை, அதாவது 12 முதல் 15 பிரேம். கன்ட்ரோலரும் திரையும் சேர்ந்து இன்னும் 3, 4 பிரேமைத் தின்றுவிடும். குனிந்து பிளாக் செய்துகொண்டிருப்பவர் அடியைப் பார்த்ததும் நிமிர்ந்து தடுக்கட்டும் என்றுதானே நீங்களே இதற்கு 22 வைத்தீர்கள்? நல்ல எண்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூல உடையில் அவளுக்குக் கைச்சட்டை கிடையாது. 2ஆம் பிரேமிலேயே வலது தோள் காதை நோக்கி ஏறுகிறது, வெறுங்கை கருநீல உடுப்புக்கு எதிரே பளிச்சென்று தெரிகிறது. அனிமேஷன் செய்தவர் கெட்டிக்காரர். அடி எங்கிருந்து வருகிறதோ அங்கேயே வெளிச்சத்தையும் வைத்திருக்கிறார். கவச ஸ்கின்னில் அதே இடத்தில் ரோமக் காலர், அதன்மேல் அகலமான தோள்தகடு, பின்னால் தோளிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் துணியாக ஒரு கேப். துணியின் அசைவைத் தனியாகக் கணக்கிடுவதால் கேப் உடலுக்குச் சில பிரேம் பிந்தியே நகர்கிறது. முழங்கை காலரைத் தாண்டி வெளியே வருவது 9ஆம் பிரேமில். மிச்சம் 13. அதில் கன்ட்ரோலருக்கும் திரைக்கும் போக 9 அல்லது 10 பிரேமில் மனிதக் கை பதில் சொல்ல வேண்டும். நடக்காது. அடியின் எண்ணில் நீங்கள் கை வைக்கவில்லை, பேட்ச் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை, ஆனால் கடையில் 7 பிரேம் விற்பனையாகிறது.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. தோள்தகடும் கேப்பும் சேர்ந்ததும் அவளுடைய நிழலுரு உங்கள் கனத்த மல்லனுடையதைப் போல ஆகிவிடுகிறது. ஓர் அணியின் கேரக்டர்கள் மாறி மாறி இறங்கும் டேக் முறையில் ஆள் மாறி உள்ளே பாயும் அரை நொடியில் வந்தது யார் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மல்லன் என்றால் அவன் பிடிக்குத் தப்ப எகிற வேண்டும். வேகக்காரி என்றால் எகிறுகிறவருக்கு வான்காம்போ (அந்தரத்திலேயே தொடர்ந்து விழும் அடிகள்) காத்திருக்கிறது. தவறாக ஊகித்தால் ஒரு கேரக்டரே காலி. இதற்கு மேல் ஹர்ட்பாக்ஸ் வேறு, அதாவது அடி பட்டதா என்று கேம் கணக்குப் பார்க்கும், கண்ணுக்குத் தெரியாத பெட்டி. ஸ்கின் மாறினாலும் அடிபடும் பெட்டி மாறாது, மாறவும் கூடாது. ஆனால் தகடு பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், குத்து கண்ணெதிரே கவசத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது, அடி விழுந்ததாகக் கணக்கில்லை. தூரம் கண்ணால் பழகும் விஷயம். கண்ணுக்கே பொய் சொன்னால் பயிற்சி அறையில் உட்கார்ந்து என்ன பயன்?

இதெல்லாம் இந்தத் துறை எப்போதோ தீர்த்துவைத்த கணக்கு. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் ஒரே கேரக்டரை இருவரும் எடுத்து மோத முடியாது. 1992இல் சாம்பியன் எடிஷன் அதை அனுமதித்தபோது நிறத்தட்டை மட்டும் மாற்றினார்கள், வடிவத்தில் ஒரு புள்ளியும் நகரவில்லை. 2007இல் டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற துப்பாக்கி கேமின் 9 வகுப்புகளையும் (வீரர் வகைகளையும்) நிழலை வைத்தே பிரித்தறியும்படி வரைந்தார்கள். நிறத்தைப் பார்த்தால் நம்மவனா எதிரியா, உருவத்தைப் பார்த்தால் எந்த வகுப்பு, மார்புப் பகுதியைப் பார்த்தால் கையில் என்ன ஆயுதம் என்று மூன்று படி. ஆயுதத்தின்மேல் கண் போய் விழட்டும் என்பதற்காகக் காலில் இருட்டாகத் தொடங்கி மார்பை நோக்கி நிறம் வெளுத்துக்கொண்டே போகும். உங்கள் கவச ஸ்கின்னில் அதிகம் மின்னுவது எது தெரியுமா? முழங்கால் மூட்டு. அவளுக்கு முழங்காலால் அடிக்கும் அடி ஒன்றுகூடக் கிடையாது.

பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர்ஹீரோ என்றாலே உடம்பெல்லாம் தையல்கோடும் தகட்டு இடுக்கும் ஒளிரும் பட்டையும் வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? காமிக்ஸில் இந்த உடைகள் மட்டமான காகிதத்தில், சில நிறங்களில், கட்டைவிரல் அளவுக் கட்டத்திலும் ஆளை அடையாளம் காட்டப் பிறந்தவை. 1962இல் முதல் இதழில் சாம்பல் நிறமாக வந்த ஹல்க், அச்சில் அந்தச் சாம்பல் ஒரே சீராக விழாததால் அடுத்த இதழிலேயே பச்சையானான். அச்சகம் சொன்னதைக் கேட்டார்கள், அறுபது ஆண்டுகளாகப் பச்சை அவன் சொத்து. சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டியைக் கேலி செய்யாத ஆளில்லை. 2011இல் அதைக் கழற்றிவிட்டு உடுப்பு முழுக்கக் கோடு கோடாக இழுத்தார்கள். நடுவில் பிரிக்க ஒரு சிவப்பு பெல்ட்டைத் தவிர வேறில்லாமல் மேலுடம்பும் காலும் ஒரே நீலம். 2018இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் 1000ஆவது இதழில் ஜட்டி திரும்பி வந்தது. சிரித்தவர்கள் சிரிக்கட்டும், அந்தச் சிவப்புத் துண்டு மேலுடம்பையும் காலையும் பிரித்துக் காட்டுகிற வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நீங்களோ மாடலின்மேல் போர்த்தும் 4096 புள்ளி அகல டெக்ஸ்சரில் ஒவ்வொரு தையலையும் செதுக்குகிறீர்கள். விளம்பரப் படத்தில் முகத்தருகே கேமரா வரும்போது அழகுதான், மறுக்கவில்லை. ஆட்டத்தில் கேமரா பின்வாங்கியதும் அந்தக் கோடுகள் ஒரு பிக்சலுக்கும் கீழே மெலிந்து மினுமினுக்கின்றன. அதை அடக்க முந்தைய பிரேம்களைக் கலந்து மழுப்புகிறீர்கள், உடனே வேகமாக அசையும் கைக்குப் பின்னால் ஒரு பேய்நிழல். இத்தனை உழைப்பும் கடைசியில் சாம்பல் சேறாக வந்து சேர்கிறது. மூலையில் ஒரு மாத லாகின் பரிசுச் சின்னம் மட்டும் துல்லியமாகத் தெரிகிறது.

விலகிப் போய்விட்டேன், மன்னிக்கவும். கோரிக்கைக்கே வருகிறேன்: எதிராளிக்கு மூல உடை.

செய்வது கடினம் என்று சொல்லிவிட முடியாது. இணையத்தில் மோதுவதற்கான உங்கள் ரோல்பேக் முறையில் இரண்டு ஆட்டக்காரர்களின் கருவிகளுக்கும் இடையே போவது பட்டன் அழுத்தங்கள்தாம், படம் அல்ல. உடை ஆட்டத்தின் கணக்கில் சேராதவரை, ஒரு திரையில் கவசமும் மறு திரையில் மூல உடையும் இருந்தால் எதுவும் பிசகாது. மூல மாடல் எல்லோருடைய டிஸ்க்கிலும் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக இறக்க ஒன்றுமில்லை. ஸ்கின்னுக்குப் பதிலாகத்தான் அது லோடாகும் என்பதால் நினைவகத்திலும் சுமை ஏறாது. ஒரே கேரக்டர் இருபக்கமும் வந்தால் உங்களிடம் உள்ள இரண்டாம் நிறத்தட்டைப் போடுங்கள், 1992இலேயே போட்டார்கள்.

‘காசு கொடுத்து வாங்கியவர் தன் உடையை ஊர் பார்க்க வேண்டாமா’ என்பீர்கள். பார்க்கட்டும். அவர் திரையில் முழு நேரமும் அது இருக்கும். தேர்வுத் திரையில் என் கண்ணிலும் படட்டும். மணி அடித்து ரவுண்ட் தொடங்கிய பின் மட்டும் எனக்கு அவருடைய தோள் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தேர்வு வரும்வரை, இனி வெளியிடும் ஸ்கின்களை அனுப்புமுன் ஒரு சோதனை செய்துபாருங்கள். மாடல் முழுவதையும் கறுப்பாக்கி, கேமராவை மிகத் தூரத்தில் நிறுத்தி, எல்லா அடிகளின் முதல் 5 பிரேமையும் மூல உடையின் அதே பிரேம்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். எந்த அடி என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் கேப்பைக் கத்தரியுங்கள். பிறகு நிறத்தை நீக்கிச் சாம்பலில் ஒருமுறை, ஒவ்வொரு மேடையின் பின்னணியிலும் ஓடவிடுங்கள். பனிமேடையில் வெள்ளைக் கவசம் என்ன ஆகிறது என்று அப்போது உங்களுக்கே தெரியும். நிறக்குருடு உள்ளவர்களுக்கென்று நீங்கள் வைத்திருக்கும் வடிப்பானைவிட இந்தச் சோதனை அவர்களுக்கு அதிகம் உதவும்.

தயவுசெய்து அடுத்த பேட்ச்சில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன். எதிராளிக்கு மூல உடை, விரும்பியவர் மட்டும் போட்டுக்கொள்ளும் ஒற்றை சுவிட்ச். செட்டிங்ஸின் காட்சிப் பகுதியில், கேமரா அதிர்வை நிறுத்தும் வரிக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ரேங்க்டு மேட்ச் ஆடும் ஒருவர்