"இன்னைக்கு எங்கப்பா போனீங்க?"

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். அம்மாவுக்கு விசா வந்துவிட்டது. அன்றிலிருந்து பெட்டியைக் கட்டுகிறாள், பிரிக்கிறாள், மறுபடி கட்டுகிறாள். புளிக்காய்ச்சல் கொண்டுவரலாமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். அதற்குப் போனிலேயே பதில் சொல்லிவிடு. இந்தக் கடிதம் வேறு விஷயம்.

சித்திரையில் நான் செக் நாட்டுப் பிராகில் இருந்த பதினெட்டு நாளும், ராத்திரி ஆபீஸ் விட்டு வந்து ஷூவைக் கழற்றும்போதே நீ கேட்பாய்: "இன்னைக்கு எங்கப்பா போனீங்க?" நான் "சும்மா, டவுன் பக்கம்" என்பேன். தலையாட்டிவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிடுவாய். மூன்று வருஷமாக அங்கே இருக்கிறாயே, அந்தப் பெரிய கடிகாரத்தைப் பார்த்தாயா என்றதற்கு, "அது டூரிஸ்ட் இடம்ப்பா, ஒரே கூட்டம்" என்றாய். நானும் விட்டுவிட்டேன். நாற்பது வருஷம் வாட்ச் ரிப்பேர் பார்த்தவன் அந்த ஊரில் என்ன பார்த்தான் என்பதை, நீ தயிர்சாதம் சாப்பிடுகிற பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாது. இப்போது அம்மா தனியாக வருகிறாள். பாட்டியை விட்டுவிட்டு நான் வருவதற்கில்லை. அவளை எங்கெங்கே கூட்டிப்போக வேண்டும் என்று எழுதுகிறேன். உன் கேள்விக்கும் இதுதான் பதில்.

முதலில் கடிகாரம். அவர்கள் ஓர்லாய் என்கிறார்கள். பழைய நகரத்து டவுன் ஹால் சுவரில் 1410-இல் பொருத்தியது. செய்தவர் கடானைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக்காரர். கணக்குப் போட்டுக் கொடுத்தவர் யான் ஷிண்டெல் என்ற வானியல் பேராசிரியர் என்கிறார்கள். கைடுகள் மட்டும் இன்னும் ஹனுஷ் என்ற ஆசாரியின் கதையைத்தான் சொல்கிறார்கள். வேறு ஊருக்கு இதேபோல் ஒன்று செய்துவிடக் கூடாதென்று நகரசபைக்காரர்கள் அவர் கண்ணைக் குருடாக்கினார்களாம், அவர் உள்ளே கையை விட்டு ஓட்டத்தையே நிறுத்தினாராம். கட்டுக்கதை. நம் பக்கம் கோயில் கோயிலாக ஸ்தபதியின் கட்டைவிரலை வெட்டின கதை சொல்கிறார்களே, அந்த வகை.

மணிக்கு ஒருமுறை மேலே இரண்டு ஜன்னல் திறந்து பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் எட்டிப்பார்த்துவிட்டுப் போவார்கள். எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கும், கடைசியில் பொன் சேவல் கூவும். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட இருக்காது. அத்தனை செல்போனும் அதற்காகத்தான் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கூவினதும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் அப்போது போங்கள்.

அம்மாவை நேராக முகப்பைப் பார்த்து நிறுத்து. நீ ஒன்றும் விளக்க வேண்டாம், அவளே கண்டுபிடிப்பாள். அது பஞ்சாங்கம் தம்பி. சுவரில் மாட்டி ஓடவிட்ட பஞ்சாங்கம். உள்ளே தனியாகச் சுழல்கிற சின்ன வளையத்தில் பன்னிரண்டு ராசி. ஒரு முள்ளில் சூரியன், ஒரு முள்ளில் சந்திரன். இன்று எந்த ராசியில் எது இருக்கிறது என்று படிக்கத் தெரியாதவன்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். நான் போனது மே 2, நமக்குச் சித்திரை 19. நம் கணக்குக்குச் சூரியன் மேஷத்தில் இருக்க வேண்டும். அங்கே ரிஷபத்தில் நின்றது. கடிகாரம் தப்பு என்று முதலில் நினைத்துவிட்டேன், தொழில் புத்தி. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். நாம் நட்சத்திரத்தை வைத்து எண்ணுகிறோம். அவர்கள் மார்ச்சில் இரவும் பகலும் சமமாகிற நாளில் மேஷத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டுக்கும் சுமார் 24 பாகை இடைவெளி. நம் வாத்தியார் அயனாம்சம் என்று சொல்வாரே, அது வெயிலில் பளபளவென்று கண்முன்னால் நின்றது.

வெளிவட்டத்தில் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை இருக்கும். அது சூரியன் அஸ்தமித்ததிலிருந்து எண்ணுகிற மணி. நாம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினோம், அவர்கள் அஸ்தமனத்திலிருந்து. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டி, ஜூனில் ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கிற ஊர் அது. அதனால் அந்த வளையமே வருஷம் முழுக்க மெல்ல முன்னும் பின்னும் நகர்ந்துகொடுக்கிறது. உள்ளே வளைந்த கோடுகள் பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கும். பகல் நீண்டால் அந்த மணியும் நீளும், நாம் பகலை எட்டாக்கி ராகுகாலம் பார்ப்பதுபோல.

இனி உள்ளே இருக்கிற யந்திரம். ஒரே அளவில், ஒவ்வொன்றும் 116 செ.மீ. குறுக்களவில், மூன்று பல்சக்கரம். ஒன்றுக்கு 365 பல், இன்னொன்றுக்கு 366, மூன்றாவதுக்கு 379. மூன்றையும் ஒரே மாதிரி 24 பல் பினியன்கள், அதாவது சின்னப் பல்சக்கரங்கள், தள்ளுகின்றன. 366 சூரியனுக்கு, 24 மணியில் ஒரு சுற்று. 365 ராசி வளையத்துக்கு. ஒரு பல் குறைவதால் அது நாலு நிமிஷம் முந்திச் சுற்றி முடிக்கும். நட்சத்திரங்கள் தினம் நாலு நிமிஷம் முன்னால் உதிப்பது அந்த ஒரு பல்லுக்குள் அடங்கிவிட்டது! 379 சந்திரனுக்கு, ஐம்பது நிமிஷம் பிந்தும். பேப்பரும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. நீ குடித்துவிட்டு வைத்த காபி டம்ளருக்கு அடியில் கிடந்ததே ஒரு பேப்பர், அது இந்தக் கணக்குதான். நீ குப்பையில் போட்டுவிட்டாய், பரவாயில்லை.

1945 மே மாதச் சண்டையில் டவுன் ஹாலோடு இதுவும் எரிந்து நாசமாகி, 1948-இல்தான் மறுபடி ஓடியது. டிக்கெட் எடுத்து உள்ளே போனால், சிற்றாலயத்திலிருந்து அப்போஸ்தலர்களைப் பின்பக்கமாகப் பார்க்கலாம். அதைத் தவறவிடாதே. பொம்மைக்கு முகத்தைவிட முதுகுதான் எனக்குப் பிடிக்கும். கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, அம்மாவுக்கு முட்டிவலி பயமில்லை.

அதே சதுக்கத்தில் மாதா தூண் ஒன்று நிற்கும். 1650-இல் நட்டது, 1918-இல் கும்பல் ஒன்று கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது, 2020-இல் திரும்ப எழுப்பினார்கள். அதன் பக்கத்தில் தரையில் ஒரு பித்தளைக் கோடு ஓடும். முந்தி தூணின் நிழல் அந்தக் கோட்டில் விழுவதுதான் பிராகுக்கு உச்சிப்பொழுது. கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நான் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றேன். நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். சாக்பீஸ் படம் போடுகிற பெண்ணொருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம்தான் உறைத்தது: அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிடுகிறார்கள், சூரியனுக்கு அது தெரியாது. ஒரு மணி ஆகும்போது நிழல் நகர்ந்து வந்து கோட்டின் திசையில் நேராகப் படுத்தது. நான் கையைத் தட்டிவிட்டேன். யாரும் திரும்பவில்லை.

அம்மா வருகிற புரட்டாசியிலும் அந்தத் தள்ளிவைத்த மணிதான் இருக்கும். அதனால் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள்.

டவுன் ஹாலுக்குக் கிழக்கே தரையில் 27 வெள்ளைச் சிலுவை பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று மன்னரை எதிர்த்த 27 பேருக்கு மரண தண்டனை கொடுத்த இடம். அதன் மேலேயே ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடக்கிறார்கள். அம்மா பார்த்தால் சுற்றிப்போவாள், சுற்றிப்போகட்டும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. அந்தப் பக்கத்தில் ஒரு பணம் மாற்றுகிற கடையில் 50 யூரோ கொடுத்து ஏமாந்தேன். "கமிஷன் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருந்தது. பெரிய எழுத்தில் இருந்த விலை அவன் விற்கிற விலை, நமக்குக் கொடுப்பது வேறு விலை. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நீ திட்டுவாய் என்று வாயைத் திறக்கவில்லை. அங்கே 2019 முதல் சட்டமே இருக்கிறதாம், ரசீதோடு 3 மணி நேரத்துக்குள் போனால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எனக்குத் தெரிந்தபோது நாலு நாள் ஆகிவிட்டது. அம்மா கையில் யூரோவைத் தனியாகக் கொடுத்து விடாதே.

யூதர் தெருவுக்குச் சனிக்கிழமை போகாதே, மியூசியம் மூடியிருக்கும். அங்கே அவர்களுடைய பழைய டவுன் ஹாலில் இரண்டு கடிகாரம். மேலே இருப்பது நம்முடையது மாதிரி. கீழே இருப்பதில் எண்ணுக்குப் பதில் எபிரேய எழுத்து. அவர்கள் வலமிருந்து இடம் எழுதுகிறவர்கள், அதனால் முள்ளும் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. அதற்கு நடுவில் ஒரு சக்கரம் கூடுதலாகப் போட்டால் போதும், பெரிய வித்தை இல்லை. ஆனாலும் நின்று பார்த்தால் தலை லேசாகச் சுற்றுகிறது.

பக்கத்தில் பிங்காஸ் தொழுகைக்கூடம். சுவர் முழுக்கப் பெயர். நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள், ஏறக்குறைய 78,000 பேர். கையால் எழுதினது, கீழிருந்து மேல்வரை, ஒரு பெயர் முடிந்த இடத்தில் அடுத்த பெயர். மாடியில் தெரசின் முகாமில் பிள்ளைகள் வரைந்த படங்கள். வீடு, மரம், பட்டாம்பூச்சி. அம்மாவை அங்கே முதல் நாளே கூட்டிப்போகாதே. போகிற அன்று வேறெங்கும் போக வேண்டாம். நான் அன்று உனக்கு முன்னாலேயே தூங்கிவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா?

சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலை போ. எனக்கு நேரம் மாறின கோளாறில் நாலரைக்கே விழிப்பு வந்துவிடும், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவேன். பாலத்தில் நானும், கல்யாண உடையில் போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடியும், கீழே வல்தாவா நதியும்தான். 516 மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் 30 சிலை. அந்தப் பாலத்துக்கு முகூர்த்தம் பார்த்துக் கல் நாட்டினதாகச் சொல்கிறார்கள்: 1357-ஆம் வருஷம், 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிஷம். வரிசையாக எழுதிப் பார், 135797531, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒன்றுதான். உண்மையோ பொய்யோ, அம்மாவுக்கு இது போதும், ஊர் வந்து நாலு பேரிடம் சொல்வாள். சுண்ணாம்பில் முட்டை கலந்தார்கள் என்றும் கதை. ராஜா ஊரூராக முட்டை அனுப்பச் சொன்னாராம், வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள் உடையக் கூடாதென்று அவித்து அனுப்பினார்களாம்!

பாலத்துக்கு இந்தப் பக்கம் 'கிளெமென்டினும்' என்ற பழைய கட்டடம். 1775 முதல் ஒரு நாள் விடாமல் வெப்பநிலை குறித்துவைக்கிற இடம். மேலே இருட்டறை ஒன்றில் துவாரம் வழியாக வரும் வெயில், தரையில் இழுத்துக் கட்டிய நரம்பைத் தொட்டால் நண்பகல். 1842 முதல் அந்த நேரத்தில் கோபுரத்திலிருந்து கொடி காட்டினார்கள், ஊரே அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. நம் நாகேசுவரன் கோயிலில் சித்திரையில் சூரிய வெளிச்சம் கருவறைக்குள் போகுமே, அம்மாவுக்கு அதைச் சொன்னால் புரிந்துகொள்வாள். ஆனால் படி ரொம்ப அதிகம். அவளைக் கீழே காபிக்கடையில் உட்காரவைத்துவிட்டு நீ மட்டும் ஏறிப் பார்.

கோட்டைக்கு நடந்து ஏற வேண்டாம், 22-ஆம் நம்பர் டிராம் மேலேயே இறக்கிவிடும். புனித வைடஸ் பேராலயம் 1344-இல் தொடங்கி 1929-இல் முடித்தார்கள், உள்ளே போய்வாருங்கள். பொன் சந்து என்று ஒரு குட்டித் தெரு, கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. 65 தாண்டியதால் பாஸ்போர்ட்டைக் காட்டி டிராமில் இலவசமாகவே சுற்றினேன். அம்மாவுக்கு இன்னும் ஆகவில்லை. டிக்கெட்டை மஞ்சள் மெஷினில் ஒருமுறை குத்திவிடு. தரையெல்லாம் உருட்டுக் கல், செருப்பு சரிப்படாது, ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போட மாட்டேன் என்பாள், விடாதே.

ஒருநாள் சாயங்காலம் லெட்னா மேட்டுக்குப் போங்கள். 1955-இல் அங்கே ஸ்டாலினுக்குப் பெரிய சிலை வைத்தார்கள், 1962-இல் அவர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெறும் பீடம் கிடந்த இடத்தில் 1991-இல் பிரம்மாண்டமான ஒரு மெட்ரோனோம் வைத்திருக்கிறார்கள், பாட்டு வாத்தியார் மேசைமேல் டக் டக் என்று ஆடுமே அது. நான் போனபோது நதிக்கு மேலே சிவப்புக் கம்பு இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. எண்ணும் இல்லை, முகப்பும் இல்லை. பாலங்களெல்லாம் வரிசையாகத் தெரியும்.

சாப்பாடு: உருளைக்கிழங்கைத் துருவிச் சுடுகிற பிரம்போராக் அடை மாதிரி இருக்கும், மாமிசம் கலக்காததா என்று கேட்டு வாங்கு. தெருவில் கம்பியில் சுற்றிச் சுடுகிற இனிப்பு ரொட்டியைப் புராதனப் பலகாரம் என்பார்கள், அது பிராகுக்கு நேற்று வந்தது. இன்னொன்று, தமிழ் ஆராய்ந்த கமில் சுவலபில் பிறந்தது அந்த ஊரில்தான். உன் டிராம் நிற்கிற சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அதையும் நீ அறியாய் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் கைப்பையில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒன்று வரும். தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா. கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, கண்ணாடி மாற்றியிருக்கிறேன். ஃப்ளைட்டில் நின்றுபோயிருக்கும். அந்தப் பித்தளைக் கோட்டுக்குப் போகிற அன்று ஓட விடு. சாவி தினம் காலையில் ஒரே நேரத்தில் கொடு, ராத்திரி கொடுக்காதே. கை இறுகினதும் நிறுத்திவிடு, அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

அன்புடன்,
அப்பா