நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சிகளுக்கு

மதுரையில் நாட்டு மருந்துக் கடை நடத்தும் அண்ணாச்சிகளுக்கு வணக்கம்.

நான் உங்கள் வாடிக்கையாளன். உடல் செல்களை வளர்க்கும் ஆய்வகத்தில் சில காலம் வேலை பார்த்தவனும்கூட. கீழமாசி வீதிப் பக்கம் வந்தால் சுக்கும் திப்பிலியும் வாங்காமல் திரும்புவதில்லை. அந்த உரிமையில் கேட்கிறேன்: வல்லாரைப் பொடியைக் கொடுக்கும்போது ‘நரம்பு மறுபடி வளர்ந்துவிடும்’ என்று சொல்லாதீர்கள்.

அது முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. மனித நரம்புப் புற்றுக்கட்டியிலிருந்து வந்த செல்களை வைத்து ஒரு சோதனை செய்து 2005இல் வெளியிட்டார்கள். கூடவே நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தையும் சேர்த்தார்கள். அதில் வல்லாரைச் சாறு விட்டதும் செல்களிலிருந்து மெல்லிய இழைகள் நீண்டன. முளைகட்டிய பயறு மாதிரிதான் இருக்கும், நுண்ணோக்கியில் பார்க்கும் யாருக்கும் ஆசை வந்துவிடும். பின்னங்கால் நரம்பு நசுக்கப்பட்ட எலிகளும் வல்லாரைச் சாறு குடித்துச் சீக்கிரம் தேறின.

ஆனால் அண்ணாச்சி, அது எத்தனால் என்ற சாராயத்தில் எடுத்த சாறு. தண்ணீரில் எடுத்த சாற்றுக்கு அந்தச் செல்கள் அசையவில்லை. வேலை செய்தவற்றில் ஒன்றான ஏசியாட்டிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. நீங்களோ ‘தண்ணீரில் கொதிக்க வைத்துக் குடிங்க’ என்கிறீர்கள். அப்புறம், கிண்ணத்தில் இருக்கும் செல்லுக்கு மருந்து நேராகப் போகிறது. நமக்கு வயிறு, கல்லீரல், ரத்தம் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். அந்தக் கல்லீரலே வல்லாரை மாத்திரையால் கெட்டதாக அர்ஜென்டினாவில் 3 பெண்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எனக்குக் கவலை, உங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள் என்பதுதான். சர்க்கரையால் கால் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வருபவர்கள். எங்கள் சித்தப்பா அப்படித்தான் ஒரு கடையில் கேட்டதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். கட்டைவிரலில் புண் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்தப் பொடியாலும் ஆகப்போவதில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறைந்தும் கால் மரத்துப்போகும். அதை ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, ஊசியிலோ மாத்திரையிலோ சரி செய்யலாம். இது தெரியாமலே எத்தனை பேர் பொடி வாங்கிப் போகிறார்களோ!

‘மருத்துவமனைக்குப் போ’ என்றால் முகம் சுளிக்கிறவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அதனால் கால் மரத்துப்போச்சு என்று யாராவது வந்தால், பொட்டலம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சர்க்கரை மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறீர்களா, பி12 பார்த்தீர்களா? வல்லாரையைத் துவையலுக்கென்று கொடுங்கள், நானே வாங்குகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்