பாடுவது மூளைதான்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு உடம்பு தேறிவிட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். வேலையை விட்ட பிறகு படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. இப்போது மீன்கள் எப்படிக் குரல் எழுப்புகின்றன என்பதிலேயே மூழ்கிக் கிடக்கிறேன். காது மருத்துவனான உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் மிட்ஷிப்மேன் என்றொரு மீன் உண்டு. முட்டையிடும் பருவத்தில் ஆண் மீன் பாறைக்கடியில் கூடு அமைத்து, பெண் மீனை அழைக்க இரவில் ரீங்காரமிடும். ஒரே ரீங்காரம் இடைவிடாமல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். 1980களில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் படகு வீடுகளில் இருந்தவர்கள் இந்தச் சத்தத்தில் தூக்கம் கெட்டுப்போனார்கள்.

மீனுக்கு ஏது குரல்வளை! காற்றுப்பையின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் தசைகள் நொடிக்குச் சுமார் 100 தடவை சுருங்கி அதை அதிரச் செய்கின்றன. நம் கைகால் தசைகளால் இதற்கு ஈடுகொடுக்கவே முடியாது. அதைவிட என்னைக் கட்டிப்போட்டது, அந்தத் தசைகளை ஆட்டிவைக்கும் மூளை.

பின்மூளையும் தண்டுவடமும் சேரும் இடத்தில் தாளம் போடுவதற்கென்றே ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. அது ஒரு தடவை துடித்தால் தசையும் ஒரு தடவை சுருங்கும், ஓர் ஒலித்துடிப்பு பிறக்கும். கணக்கு தவறுவதே இல்லை. அதாவது ரீங்காரத்தைக் கேட்பவர் அந்த நரம்பணுக்களின் துடிப்பையே கேட்கிறார்! தண்ணீர் சூடானால் இந்தத் தாளம் விரைவாகி, சுருதியும் ஏறும். எவ்வளவு நேரம் பாடுவது என்பதை வேறொரு கூட்டம் பார்த்துக்கொள்கிறது. தொடங்கு என்ற உத்தரவு நடுமூளையிலிருந்து வருகிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பாஸ் குழுவினர் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தவர்கள். மீனின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிட்டு நடுமூளையை மின்சாரத்தால் தூண்டுகிறார்கள். சத்தம் துளியும் வராது. ஆனால் தசைக்குப் போகும் நரம்பில் அதே தாளம் அப்படியே ஓடுகிறது! இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம், டானியோனெல்லா செரிப்ரம். வெறும் 12 மில்லிமீட்டர் மீன். தன் உடல் நீளத் தொலைவில் 140 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்புகிறது என்று 2024இல் வெளியிட்டார்கள். தண்ணீரில் டெசிபல் கணக்கு காற்றில் உள்ளதுபோல் இல்லைதான், ஆனாலும் அந்த உடம்புக்கு அது பெரிய சத்தம். உடம்பு கண்ணாடிபோல் இருப்பதால், உயிரோடு இருக்கும்போதே மூளையை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

இனி உன் துறைக்கு வருகிறேன். மிட்ஷிப்மேன் பாடும்போது, பாட்டின் நேரத்தைக் கணக்கிடும் அந்தக் கூட்டத்திலிருந்து காதுக்கும் ஒரு சேதி போகிறது. அதனால் தன் சத்தமே தன்னைச் செவிடாக்காதபடி காதின் கூர்மை குறைந்துவிடுகிறது. நாம் பேசும்போதும் நம் மூளை நம் குரலைக் கொஞ்சம் அடக்கித்தானே கேட்கிறது? உன்னிடம் வந்தவர்களில் யாருக்காவது இந்த ஏற்பாடு கெட்டுப்போய், தன் குரலையே தாங்க முடியாமல் தவித்ததுண்டா? சாவகாசமாக எழுது.

அன்புடன்,
சேகர்