டி.எஸ்.எச். நார்மல், அப்புறம்?

தைராய்டு ஹார்மோன் ஆய்வில் இருக்கும் மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும்,

வணக்கம். தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போட்டுக்கொள்ளும் பெருங்கூட்டத்தில் நானும் ஒருத்தி. மாத்திரையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1891-இல் ஆங்கிலேய மருத்துவர் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்திக் காப்பாற்றிய பெண்மணி, அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்றும் எங்களில் பெரும்பாலோர் மாத்திரையோடு நன்றாகவே இருக்கிறோம்.

நான் பேச வந்தது மீதிப் பேரைப் பற்றி. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்ட மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்) அளவுக்குள்தான் இருக்கும். ஆனால் மத்தியானத்துக்கு மேல் உடம்பு நகராது, சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே நின்றுவிடும், சீப்பில் முடி கொத்தாக வரும். டாக்டரிடம் சொன்னால், தாளைப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல்தானே" என்பார். சிகிச்சை பெறுபவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் இந்த நிலையில் இருப்பதாக உங்கள் துறைக் கட்டுரைகளே எழுதுகின்றன.

அந்தத் தாள் சொல்வது பிட்யூட்டரிக்குத் திருப்தியா இல்லையா என்பதை மட்டும்தான். மாத்திரையில் இருப்பது டி4, அதாவது தைராக்சின். செல்லுக்குள் வேலை செய்வதோ பெரும்பாலும் டி3, அதாவது டி4-இலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றியது. கழற்றும் நொதிகள் எல்லா உறுப்பிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பிட்யூட்டரி தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும். தைராய்டு நீக்கிய எலிகளுக்கு டி4 மட்டும் கொடுத்துப் பார்த்த 1995-ஆம் ஆண்டு ஆய்வில், எந்த அளவு கொடுத்தும் எல்லாத் திசுக்களிலும் டி3 ஒருசேரச் சரியாகவில்லை. எலியும் மனிதரும் ஒன்றல்ல, தெரியும். கேள்வி இன்னும் அப்படியேதானே இருக்கிறது?

1999-இல் 33 பேரிடம் டி4-உடன் டி3-யும் சேர்த்துக் கொடுத்தபோது மனநிலை மேம்பட்டது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் அந்தப் பலன் தென்படவில்லை. சரி, முடிந்தது என்று பலர் ஃபைலை மூடிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்: அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் டி4 சாப்பிடும் யாரையும் சேர்த்துக்கொண்டார்கள், எந்தக் குறையும் இல்லாதவர்கள் உட்பட. கண் நன்றாகத் தெரிகிறவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, கண்ணாடியால் பயனில்லை என்று எழுதலாமா? போதாக்குறைக்கு, டி4 போல டி3 ரத்தத்தில் நாள்கணக்கில் நிலைத்து நிற்பதில்லை. ஒரே வேளையாகக் கொடுத்தால் சட்டென ஏறி இறங்கும்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய தைராய்டு சங்கங்கள் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே, அறிகுறி தீராதவர்களைச் சேருங்கள், டி3-ஐ இரண்டு வேளையாகவோ மெல்லக் கரையும் வடிவிலோ கொடுங்கள் என்கிறது. அதைச் செய்யுங்கள். டி3 மிகுந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். அதனால் சில மாதங்களோடு நிறுத்தாமல், இதயத்தையும் எலும்பையும் அளக்கும் அளவுக்கு நீண்ட ஆய்வாக இருக்கட்டும்.

ஒருவேளை குறை ஹார்மோனில் இல்லாமலும் இருக்கலாம். 2019-இல் வெளியான நார்வே ஆய்வில், ஹாஷிமோட்டோ நோயாளிகளில் (உடம்பின் நோயெதிர்ப்பே தைராய்டைத் தாக்கும் நோய் இது) மாத்திரைக்குப் பிறகும் களைப்பு தீராதவர்களுக்குத் தைராய்டை அறுவை செய்து நீக்கியபோது களைப்பு குறைந்தது. அறுவைக்கே உரிய சிக்கல்களும் வந்தன. எல்லாரும் கழுத்தை அறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நோயெதிர்ப்பு சார்ந்த அழற்சியையும் தேடுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. முடி கொட்டுகிறதே என்று எங்களில் பலர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிப் போடுகிறோம். அது பல பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். ரத்தம் எடுக்கும் முன் இதை எங்களிடம் கேட்பவர்கள் குறைவு. உங்கள் ஆய்வுப் படிவத்திலாவது அந்தக் கேள்விக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

முடிவு எங்களுக்குச் சாதகமாக வராவிட்டாலும் பரவாயில்லை. ரத்தம் கொடுத்தவர்களுக்கு அதைப் புரிகிற மொழியில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாத்திரைக்குப் பிறகும் களைப்பு தீராத ஒருத்தி