தீவுப் பயணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது காற்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் வெப்பமண்டலத் தீவுகளைப் பற்றி வெளியாகும் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்து வருகிறேன். கடலின் நிறத்தையும் தங்கும் விடுதிகளின் வசதியையும் அவை நன்றாகவே எடுத்துச் சொல்கின்றன. ஆனால் எந்த மாதத்தில் போகலாம், விமான நிலையத்திலிருந்து தீவுக்கு எப்படிப் போய்ச் சேருவது, திரும்பும் நாளில் படகு ஓடாவிட்டால் என்ன செய்வது என்பவற்றுக்கு அவற்றில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. இவற்றைக் கேட்காமல் புறப்பட்டுப் போய்ப் பட்ட அனுபவம் எனக்கு உண்டு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் ஒரு சிறு தீவில் ஐந்து நாள் தங்கினோம். ஆண்டு முழுவதும் போகக்கூடிய இடம் என்று பயண முகவர் சொன்னதை நம்பி, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்துத் தேதி குறித்தோம். கடைசி நாள் காலைப் படகில் கிளம்பி, அன்று பிற்பகலே விமானம் ஏறுவது என்பது அவர் போட்டுக் கொடுத்த திட்டம். அன்று விடிந்தபோது மழை இல்லை. வானம்கூடத் தெளிவாகத்தான் இருந்தது. படகுத்துறைக்குப் போனால், அங்கிருந்த கரும்பலகையில் புறப்படும் நேரங்கள் எல்லாவற்றின் மேலும் சாக்கட்டியால் ஒரே கோடாக அடித்திருந்தார்கள். படகுக்காரர் கயிற்றைத் தூணில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டே, துறைக்கு வெளியே கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்த இடத்தைக் கையால் காட்டினார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் படகு ஓடியது. விமானச் சீட்டுகள் வீணாயின. என் தாயாரின் இரத்த அழுத்த மாத்திரைகளை நாள் கணக்குக்குச் சரியாக எடுத்து வந்திருந்ததால், அந்த இரண்டு நாளையும் அவர் மாத்திரை இல்லாமலே கழிக்க நேர்ந்தது. பணம் போனதைவிட அதுதான் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

வெயிலா மழையா என்று மட்டும் விசாரித்துவிட்டுக் காற்றைப் பற்றிக் கேட்காமல் விட்டது எங்கள் தவறு. தீவுகளில் பருவம் என்பது முதலில் காற்றைக் குறிக்கும். தாய்லாந்தின் மேற்கே அந்தமான் கடலில் உள்ள புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் பேரலைகளையும் கொண்டுவருகிறது. அதே நாட்டின் கிழக்கே, தாய்லாந்து வளைகுடாவில் உள்ள சாமுய் தீவிலோ பெருமழை நவம்பரையொட்டிப் பெய்கிறது. மலேசியாவில் பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளின் விடுதிகளில் பல, வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை மூடியே கிடக்கும். மேற்குக் கரையின் லங்காவியில் அந்த மாதங்களில் பெரும்பகுதி போவதற்கு உகந்த காலம். நாட்டின் பெயரை வைத்துக்கொண்டு மாதத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இவ்விரண்டுமே போதும்.

புயல் விஷயமும் அப்படித்தான். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 5 பாகைக்குள், புவியின் சுழற்சியால் காற்றைச் சுழல வைக்கும் விசை மிகக் குறைவு என்பதால், அங்கே புயல் உருவாவது மிக அரிது. சீஷெல்சின் முதன்மைத் தீவான மாஹே அந்த எல்லைக்குள் இருக்கிறது. அதே இந்தியப் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை தெற்கே உள்ள மொரிஷியசுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். படத்தில் பார்த்தால் இரண்டின் கடற்கரையும் ஒன்றுபோலவே இருக்கும். கரீபியனில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. விடுதிக் கட்டணம் திடீரென்று குறைந்திருந்தால் அதன் காரணத்தை அந்தத் தேதிகளில் தேடிப் பார்ப்பது நல்லது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பயணக் காப்பீடு, அந்தப் புயலால் ஏற்படும் இழப்பைப் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் முன்பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

உயரமான மலைகள் உள்ள தீவு என்றால், எந்தக் கரையில் தங்குகிறோம் என்பது மாதத்தைவிட முக்கியமாகிவிடும். ஹவாயின் பெரிய தீவில் 4,000 மீட்டரைத் தாண்டிய இரு எரிமலைகள் ஈரக்காற்றை மறித்து நிற்கின்றன. காற்று வந்து மோதும் கிழக்குப் பக்கத்து ஹிலோ நகரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, மேற்குக் கரையின் சில இடங்களில் 300 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை.

போய்ச் சேரும் வழியையும் சொல்ல வேண்டும். மாலத்தீவில் தொலைவான தீவுகளுக்குக் கடல் விமானத்தில்தான் பலர் போகிறார்கள். அவை பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பவை. மாலையில் வந்து இறங்குபவர் அன்றிரவு விமான நிலையத்துக்கு அருகிலேயே தங்கியாக வேண்டும். விடுதியில் முதல் இரவுக்குக் கட்டிய பணம் வீண். இதை விமானச் சீட்டு வாங்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

திரும்பும்போது, சர்வதேச விமானத்துக்கு முந்திய நாளே தீவை விட்டுக் கிளம்பி, விமான நிலையம் இருக்கும் ஊரில் ஓர் இரவு தங்குவது என்று நாங்கள் இப்போது விதியாகவே வைத்திருக்கிறோம். ஒரு நாள் வீணாகிறதே என்று முதலில் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். ஆழ்கடலில் மூழ்கிப் பார்க்கும் ஆசையுள்ளவர்களுக்கு அந்த நாள் எப்படியும் தேவை: பலமுறை மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழ்களாகி ஆபத்தை உண்டாக்கக்கூடும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். தாழ்வான பவளத் தீவுகளில் ஆறு கிடையாது. மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப்போல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். நாங்கள் தங்கிய இடத்தில் நான்காம் நாள் குழாய்த் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தும் சோப்பு நுரைக்கவில்லை. நமக்கு அது இரண்டு நாள் சிரமம். அங்கேயே வாழ்பவர்களுக்குக் கிணறே போய்விடும். அதனால், விடுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுகிறேன். பிலிப்பைன்சின் போராகாய் தீவைக் கழிவுநீர்ச் சீர்கேட்டால் 2018இல் ஆறு மாதம் மூடியே வைக்க நேர்ந்தது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: தீவைப் பற்றிய ஒவ்வொரு கட்டுரையுடனும் ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிடுங்கள். காற்று எந்த மாதங்களில் எந்தத் திசையிலிருந்து வீசும், அப்போது அமைதியாக இருக்கும் கரை எது, படகோ கடல் விமானமோ எப்போது நிறுத்தப்படும், அருகில் மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். அதற்காகக் கட்டுரையில் ஒரு கடற்கரைப் படத்தைக் குறைக்க வேண்டியிருந்தால், தயங்காமல் குறைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்