தூய இனம் என்று விற்ற முயல் ஜோடிக்கு வெள்ளைக் குட்டிகள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
முயல் வளர்ப்பவர், பூம்பாறை,
கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

ஐயா,

வணக்கம். சென்ற ஆவணியில் உங்கள் நிறுவனத்திடம் 6,500 ரூபாய்க்கு ஒரு ஜோடி கலிஃபோர்னியன் முயல் (வெள்ளை உடம்பு, நுனிகள் மட்டும் கறுப்பாக இருக்கும் இனம்) வாங்கினேன். வத்தலக்குண்டு வரை இறங்கி வந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் மலையேறினேன். கூடவே கொடுத்த சான்றிதழில், "இரண்டும் தூய இனம், குட்டிகள் அனைத்தும் பெற்றோர் நிறத்திலேயே வரும்" என்று முத்திரையோடு எழுதியிருக்கிறது. நகல் இணைத்துள்ளேன்.

கார்த்திகையில் ஏழு குட்டிகள். கலிஃபோர்னியன் குட்டிக்கு மூக்கும் காதும் பாதமும் வாலும் பிறந்த பிறகுதான் கறுக்கும் என்று தெரியும், அதனால் அவசரப்படவில்லை. எட்டு வாரம் பார்த்தேன். ஐந்து கறுத்தன. இரண்டு, சிவந்த கண்ணோடு பால் வெள்ளையாகவே நின்றுவிட்டன.

உங்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சிரித்துக்கொண்டே, "உங்க ஊர்க் குளிருக்கு வெளுத்திருக்கும் சார், வெயில் வந்தா கறுப்பு ஏறிடும்" என்றார். குட்டி வெள்ளையானதைக்கூடப் பொறுத்திருப்பேன், இந்தப் பதிலைப் பொறுக்க முடியவில்லை.

விஷயம் நேர் எதிர். இந்த இனத்துக்குக் கறுப்பு குளிரில்தான் பிடிக்கும். இந்த இனத்தில் இருப்பது ஹிமாலயன் மரபணு. அது உள்ள முயலில், உரோமத்துக்கு நிறம் தரும் நொதி உடம்புச் சூட்டில் வேலை செய்யாது, சூடு குறைந்த நுனிகளில் மட்டும் செய்யும். முதுகை மழித்து அந்த இடத்தைப் பனிக்கட்டியால் குளிரவைத்தால் புது உரோமம் கறுப்பாக முளைக்கும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள சோதனை. எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. மார்கழி முழுக்கக் கூண்டின் குளிர்ந்த தகரத்தை ஒட்டியே படுத்திருந்த உங்கள் பெட்டைக்கு, புது முடி வந்தபோது விலாவில் சாம்பல் படர்ந்துவிட்டது. குளிர் செய்கிற வேலை அது.

வெள்ளைக்குக் காரணம் வேறு. நிறத்தை அடியோடு மறைக்கும் மரபணு ஒன்று உண்டு. ஹிமாலயன் மரபணுவோடு சேர்ந்திருந்தால் வெளியே தெரியாது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வந்தால்தான் குட்டி முழு வெள்ளை. அப்படியென்றால் நீங்கள் விற்ற இரண்டுமே அதைச் சுமக்கின்றன. நான்தான் ஏதோ தவறு செய்தேனோ என்று, ஆண் முயலை என் நியூசிலாந்து வெள்ளைப் பெட்டையோடும் சேர்த்துப் பார்த்தேன். அந்தப் பெட்டை முழு வெள்ளை, எல்லாக் குட்டிக்கும் வெள்ளை மரபணு ஒன்றைத் தரும். ஆண் தூய கலிஃபோர்னியனாக இருந்தால் அந்த ஈற்றில் ஒரு வெள்ளைகூட வரக்கூடாது. ஆறில் மூன்று வெள்ளை.

1920களில் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்ட் இந்த இனத்தை உருவாக்கியபோதே நியூசிலாந்து வெள்ளையையும் கலந்தார், பழைய வெள்ளை எங்காவது எட்டிப்பார்க்கும் என்று நீங்கள் சொல்லலாம். சரி, இருக்கட்டும். சோதித்துப் பார்க்காமல் "அனைத்தும்" என்று எப்படி எழுதிக் கொடுத்தீர்கள்?

கறுத்த ஐந்தையும் இப்போது இனக்குட்டி என்று விற்க முடியாது. ஒவ்வொன்றும் வெள்ளையைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, கண்ணால் பார்த்துப் பிரிக்கவும் வழியில்லை. முன்பணம் கொடுத்திருந்த இரண்டு பேருக்கு விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முயல் வளர்க்கும் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருப்பதால், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முயலைத் தடவிப் பார்த்து வாங்கத் தெரியும், ஏமாற்ற முடியாது. எனக்கு மனமும் இல்லை.

உடல்வாகும் சரியில்லை. ஒரு வயதாகும் ஆண் 2.8 கிலோதான் நிற்கிறது. இந்த இனத்தில் மூன்றரைக் கிலோவாவது வேண்டும். இடுப்பு உருண்டு சதைப்பிடிப்பாக இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு கையில் இடிக்கிறது. அதே தீவனம் தின்னும் என் வெள்ளைப் பெட்டை நான்கு கிலோ.

எனவே, 6,500 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். மாற்று ஜோடி கொடுப்பதானால், இரண்டையும் வெள்ளை முயலோடு சேர்த்துச் சோதித்த பதிவேட்டைக் காட்டிவிட்டுக் கொடுங்கள், முத்திரைத் தாள் வேண்டாம். பழைய ஜோடியைத் தரத் தயார், ஆனால் இந்த முறை மலையேறி வந்து நீங்கள்தான் எடுத்துப்போக வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். எல்லாக் குட்டிகளின் படங்களும் பிறந்த தேதிக் குறிப்புகளும் என்னிடம் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பூம்பாறை.